அஞ்சாவது முயற்சியில அடங்கின அடுக்களைக் கதவு

இன்னைக்குக் காலையில இட்லி மாவு பொங்கியிருந்தது. முந்தாநாள் சாயங்காலம் அரைச்சது, பாத்திரம் வழியற அளவுக்கெல்லாம் இல்லை, ஆனா பொங்கியிருந்தது. ஊட்டியில, உறைபனி விழற ஜனவரியில, கம்பளி சுத்தாம. ஆறு மணிக்கு அடுக்களைத் தெர்மாமீட்டர் 14 டிகிரி. போன வாரம் இதே நேரம் 10.

காரணம், பின்வாசல் கதவடி இடைவெளியை அடைச்சது. வாசல் கல்லு பழசு, நடுவுல மிதிபட்டுத் தேஞ்சு குழிஞ்சிருக்கு. ரெண்டு ஓரத்துலயும் 6 மில்லிமீட்டர் இடைவெளி, நடுவுல 22. ஃபோம் டேப் ஒட்டினேன், ஈரத்துல மூணே நாள்ல நூடுல்ஸ் மாதிரி தொங்குச்சு. ஆன்லைன்ல வரவழைச்ச பிரஷ் பட்டை ஓரத்துல உரசுச்சு, நடுவுல அந்தரத்துல நின்னுது. மணல் பை நல்லாத்தான் அடைச்சுது, ஆனா அம்மா ரெண்டு தடவை தடுக்கிட்டாங்க. "கதவுக்குக் காவல் வச்சிருக்கியா, எனக்குக் குழி வெட்டுறியா?"ன்னு கேட்டதும் அதை எடுத்துட்டேன்.

நாலாவது முயற்சியைச் சொல்லவே வெக்கமா இருக்கு. சின்னக் கட்டையில பென்சிலைக் கட்டி, தரையோட ஒட்டி நகர்த்தி, கல்லோட வளைவை அப்படியே ஒரு சில்வர் ஓக் ரீப்பர்ல (மெலிசான மரச்சட்டம்) வரைஞ்சு, இழைச்சு, கதவைச் சாத்தி உள்பக்கமா திருகினேன். அவ்வளவு அழகா உக்காந்துச்சு. காத்து வருதான்னு பாக்கக் காட்டின ஊதுபத்திப் புகை ஆடவே இல்லை. அப்புறம் கதவைத் திறக்கப் போனேன், திறக்கலை! கதவு உள்பக்கம் திறக்கறது. குழி வாசல்ல மட்டும்தான், உள்ள தரை சமம். ரீப்பரோட தொப்பை தரையில முட்டி நிக்குது. ஆறு ஸ்க்ரூவையும் கழட்டினேன்.

அஞ்சாவது, டியூப். டவுன்ல ஏடிசிங்கற இடத்துப் பக்கம் பஞ்சர் கடையில பழைய டியூப் சும்மாவே குடுத்தாங்க. சைக்கிள் டியூப் மெலிசு, சுருண்டுக்கும். லாரி டியூப் முரடு, மடங்காது. பைக் டியூப்தான் தோது. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு: வெளிவட்டத்து நடுப்பகுதியை மட்டும் வெட்டணும். பக்கவாட்டுல வெட்டினா வாழைப்பழம் மாதிரி வளையும், எவ்வளவு நேராக்கி ஆணி அடிச்சாலும் அலை அலையா நிக்கும். இழுத்துப் பிடிச்சு அடிக்கவும் கூடாது. கதவுமேல படுக்கப் போட்டு, நடுவுல 25 மில்லி தொங்கற மாதிரி, ஓரத்துல 9 தொங்கற மாதிரி கத்தரிச்சு, மேல அலுமினியப் பட்டை வச்சுத் திருகினேன். திறக்கும்போது ரப்பர் மடங்கிக்குது, சாத்தினா குழிக்குள்ள இறங்கிடுது. பட்டையில துளையை மேலுங்கீழுமா நீளமாப் போட்டிருக்கேன். ஜூன் மழையில கதவு ஊதினா அரை விரல் மேல தூக்கிக்கலாம்.

ஆனா பாதி வேலை கதவுலயே இல்லை. ஊதுபத்தியை எக்ஸாஸ்ட் ஃபேன்கிட்ட காட்டினப்ப புகை சர்ருன்னு வெளிய ஓடுச்சு. மேல சூடு காத்து தப்பிக்கறதாலதான் கீழ குளிர் காத்து இழுபடுது. ஃபேன் ஷட்டர் தகடுகள் எண்ணெய்ப் பிசுக்குல ஒட்டி, பாதி திறந்தபடியே நின்னிருக்கு, எத்தனை வருஷமோ. வெந்நீர், சோடா, பழைய பல் பிரஷ். நாலுல மூணு தகடு இப்ப தானா விழுது. நாலாவது இன்னும் முரண்டு பண்ணுது, ராத்திரிக்கு மட்டும் அதுல துணி அடைச்சிருக்கேன். சமைக்கும்போது எடுத்துடணும்.

சிலிண்டர்கிட்ட தரையோட இருக்கற ஜாலியை (காத்து போற துளைத் தடுப்பு) மட்டும் தொடலை. அம்மா "அதையும் அடைச்சிடேன்"ங்கறாங்க. கேஸ் காத்தைவிடக் கனம், கசிஞ்சா தரையிலதான் தேங்கும். கதவடியையும் அடைச்ச பிறகு, அது வெளிய போக இருக்கற ஒரே வழி அந்த ஜாலிதான்.

அடுத்தது ஜன்னல். கண்ணாடியைச் சட்டத்துல பிடிச்சு வைக்கற புட்டிப் பசை காஞ்சு உதிருது. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவுல விரிசல். அதை அடைக்க, புளிச்ச வாடை அடிக்கற சாதா சிலிகான் பசை சிமெண்டுல சரியாப் பிடிக்காது, நியூட்ரல்ங்கற வகைதான் வேணும். இங்க ரெண்டு கடையில கேட்டேன், "எல்லாம் ஒண்ணுதாங்க"ன்னாங்க. கோயம்புத்தூர் போறப்ப வாங்கணும். அதுக்குள்ள அந்த நாலாவது தகட்டை ஒரு வழி பண்ணணும்.