எர்லாங் கற்றுக்கொடுத்த நைனா

அலுவலகத்தில் ஒருவர் வேலையை விட்டுப் போனார். எர்லாங் என்ற கணினி மொழியில் அவர் எழுதி வைத்திருந்த நிரல் என் தலையில் விழுந்தது. எனக்குத் தெரிந்தது பைதான் மட்டும். அவகாசம் ஆறு வாரம்.

முதலில் செய்த தப்பு, பயிற்சி மையம் தேடி அலைந்தது. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டைச் சுற்றி ஜாவாவும் டேலியும் சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமில்லை. எர்லாங் என்றதும் முழித்தார்கள். ஓரிடத்தில் மட்டும், "பேட்ச் சேரட்டும் சார்" என்று முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். பத்து நாள் கழித்தும் அந்த பேட்சில் நான் ஒருவன்தான். பணத்தைத் திரும்ப வாங்க நாலு நடை.

சரி, நாமே பார்ப்போம் என்று உபுண்டு கணினியில் எர்லாங்கை நிறுவி, கட்டளைகளைத் தட்டிப் பார்க்கும் ஷெல்லைத் திறந்தேன். 'எக்ஸ் = 5' என்று தட்டினால் சத்தமே இல்லை. கடைசியில் முற்றுப்புள்ளி வைக்க வேண்டும் என்பது உறைக்கவே அரை மணி நேரம் ஆனது. அடுத்து 'எக்ஸ் = 6.' என்றேன், பொருந்தவில்லை என்று பிழை. ஒரு பெயருக்கு ஒருமுறை மதிப்பு கொடுத்தால் கொடுத்ததுதான்.

அப்புறம் ஆசையாக மேற்கோளுக்குள் 'தமிழ்' என்று அடித்தேன். 2980, 2990, 3007, 2996, 3021 என்று எண்களைக் கொட்டியது. எழுத்துருக் கோளாறு என்றே நினைத்தேன். இல்லை, எர்லாங்கில் சரம் என்பதே யூனிகோட் எண்களின் பட்டியல்தான். 'மி'யில் மகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று. 'ழ்'க்கும் அப்படியே இரண்டு. அதனால் பட்டியலின் நீளம் கேட்டால் 5 என்கிறது. ஸ்ட்ரிங் மாட்யூலில் இருக்கும் நீளத்தைக் கேட்டால்தான் நம் கணக்குப்படி 3.

இதையெல்லாம் பொறுமையாக விளக்கியது பிரெட் ஹெபர் எழுதிய 'லேர்ன் யூ சம் எர்லாங்'. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். மெட்ரோவில் போகவர அதுதான் வாசிப்பு. பயிற்சிக்கு எக்சர்சிசம் என்ற இணையதளம். என் விடையை ஒரு தன்னார்வலர் பார்த்து, "இஃப் எதற்கு, பேட்டர்ன் மேட்சிங்கிலேயே முடித்துவிடலாமே" என்றார், அதாவது வரும் தரவின் வடிவத்தைப் பொருத்திப் பார்த்தே வழியைப் பிரிப்பது. பைதான் பழக்கம் அங்கேதான் உதிர ஆரம்பித்தது.

ஆனால் ஒரு பிராசஸ், அதாவது நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு சின்ன வேலை, செத்தால் சாகட்டும் என்று விடுகிற தத்துவம் மட்டும் மண்டையில் ஏறவில்லை. ஒரு ராத்திரி நான் புலம்பியதில் எர்லாங் என்ற பேர் காதில் விழுந்து நைனா எட்டிப் பார்த்தார். மெட்ராஸ் டெலிபோன்ஸில் எக்ஸ்சேஞ்ச் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"எர்லாங்கா? அது டிராஃபிக் அளக்குறதாச்சே. ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுசா பிஸியா இருந்தா ஒரு எர்லாங்."

டென்மார்க் கணிதர் எர்லாங்கின் பெயர்தான் இரண்டுக்கும். எரிக்சன் கம்பெனி 1980களில் இந்த மொழியை உருவாக்கியதும் தொலைபேசி வேலைக்காகத்தான் என்றேன்.

"அப்புறம் என்னடா குழப்பம்? காசிமேட்டுல ஒருத்தன் லைன் கட்டாச்சுன்னா ராயபுரத்துல பேசுறவனுக்கும் கட்டாகணுமா?"

மறுநாளே அப்சர்வரைத் திறந்து அவருக்குக் காட்டினேன். எர்லாங்கோடு வரும் கருவி, ஓடுகிற பிராசஸ்களை மரமாக வரைந்து காட்டும். ஒன்றை வலது கிளிக் செய்து கொன்றேன். மற்ற பிராசஸ்களைக் கண்காணிக்கும் சூப்பர்வைசர் என்ற பிராசஸ் உடனே புதிதாக ஒன்றைக் கிளப்பியது. நைனாவுக்கு ஒரே குஷி, இன்னொரு தடவை என்றார். ஐந்து வினாடிக்குள் இரண்டாம் முறை கொன்றதும் சூப்பர்வைசரே படுத்துவிட்டது. ஐந்து வினாடிக்குள் ஒருமுறைதான் திரும்பக் கிளப்பும், நாங்கள் மாற்றாமல் விட்டிருந்த இயல்பு வரம்பு அவ்வளவுதான்.

"எங்க சூப்பர்வைசரும் இப்படித்தான்," என்றார் நைனா.