பவள விழாவில் ஒரு வரி வசனம்

மாமா படித்த பள்ளியில்தான் இவரும் படித்தார், இப்போது மகனும் படிக்கிறான். பவள விழா அழைப்பிதழ் வந்த நாளிலிருந்து வீட்டில் ஒரே அமர்க்களம். மருமகளாக வந்த நான் மட்டும்தான் பள்ளிப் பாட்டு தெரியாத ஆள்.

காலையில் திருப்பலி. நாங்கள் கத்தோலிக்கர் இல்லை. ஆனால் எப்போது எழ வேண்டும், எப்போது முழங்காலிட வேண்டும் என்பது அப்பாவுக்கும் பிள்ளைக்கும் உடம்பிலேயே ஊறிக் கிடக்கிறது. நான் முன்வரிசைப் பெண்மணியைப் பார்த்துப் பார்த்து எழுந்து உட்கார்ந்தேன். நற்கருணைக்கு வரிசை நகர்ந்தபோது காலை ஒதுக்கி வழிவிட்டோம்.

"தாத்தா, நம்ம பிரின்சிபால் ஏன் பூசை வைக்கல? வேற ஃபாதர் வந்திருக்காரே?"

"அவர் பிரதர்டா. லசால் சபையில யாரும் குருப்பட்டம் வாங்க மாட்டாங்க. பாடம் நடத்துறதுதான் அவங்க வேலை."

மகனுக்கு இந்த விவரம் தேவைப்பட்டது. அன்றைய நாடகத்தில் அவனும் இருந்தான். அந்தச் சபையைத் தொடங்கிய ஜான் பாப்டிஸ்ட் டி லசால் வாழ்க்கைதான் கதை. பிரான்சில் ரெய்ம்ஸ் பேராலயத்தில் நல்ல வருமானமுள்ள பதவியில் இருந்தவர். ஏழைப் பையன்களுக்குப் பள்ளி நடத்த வந்த ஆசிரியர்கள், 'உங்களுக்கென்ன, சொத்து இருக்கிறது. நாளைக்கு எங்கள் கதி?' என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டார்கள். 1683-இல் பதவியை விட்டார். அடுத்து வந்த பஞ்சத்தில் சொத்தையும் ரொட்டியாக மாற்றிப் பசித்தவர்களுக்குக் கொடுத்துத் தீர்த்தார். மகனுக்கு அந்தக் காட்சியில் ஒரே வசனம்: "ஐயா, எனக்கும் ஒரு துண்டு." நன்றாகத்தான் சொன்னான். ரொட்டி கைக்கு வந்ததும் நிஜமாகவே கடித்துவிட்டான், அது ஒத்திகையில் இல்லாதது.

திரை விழுந்த கையோடு பேச்சுகள். புதிய கட்டடத்துக்குக் கொடுத்தவர்களின் பட்டியலை, அவரவர் தொகையோடு, ஒருவர் நிறுத்தி நிதானமாக வாசித்தார். பணம் இல்லாமல் கட்டடம் எழும்பாது, சரிதான். ஆனாலும் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டு நின்றவரின் கதைக்குப் பின்னால் உடனே இதையா வைப்பது? நாடகத்துக்கு முன்னால் முடித்திருக்கலாம். நான் முணுமுணுத்ததற்கு இவர், "சும்மா இரு, கேட்டுடப் போகுது" என்றார்.

மாமா அதற்குள் எழுந்து போய்விட்டிருந்தார். தேடிப் போனால், நூலகத்து வராந்தாவில் கண்காட்சி. பழைய வகுப்புப் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. நடுவில் உட்கார்ந்திருக்கும் தலைமையாசிரியர் பெயர் மட்டும் கீழே அச்சாகியிருந்தது. சுற்றி நிற்கும் பையன்களுக்கு 'மாணவர்கள்' என்ற ஒரே பெயர்தான்.

மாமா யாரிடமோ பென்சில் வாங்கி, அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். மேல் வரிசை, இடமிருந்து வலம். பெயர் மறந்த இடத்தில் பட்டப்பெயர். ஒருவனுக்கு 'இங்க் புட்டி', இன்னொருவனுக்கு 'கோல்கீப்பர், அப்பா தபால்காரர்'.

நூலகர் பார்த்துவிட்டு, "ஐயா, மற்ற படங்களுக்கும் இதே மாதிரி எழுதித் தர முடியுமா? அடுத்த வாரம் வாங்களேன்" என்றார்.

வீடு வந்து சேருவதற்குள், அந்த வருடத்துப் பையன்கள் இரண்டு பேருக்கு ஃபோன் போட்டுவிட்டார் மாமா. இங்க் புட்டியின் உண்மைப் பெயர் பற்றி இன்னும் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது.