கேட்டை எடுத்துவிட்டால் கணக்கு என்ன ஆகும்?

கட்டண ஒருங்கிணைப்புப் பிரிவில் சேர்ந்த புதிதில் என் கையில் கொடுத்தது ஒரு ஸ்டாப்வாட்ச். இரண்டு ரயில் பாதைகள் சந்திக்கும் இடத்தில், ஒரு பாதையின் டிக்கெட் கேட்டைவிட்டு வெளியே வருபவர் அடுத்த பாதையின் கேட்டில் கார்டைத் தொட எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்க வேண்டும். இரண்டையும் நடத்தியவை வெவ்வேறு நிறுவனங்கள். கார்டு ஏற்கெனவே ஒன்றாகிவிட்டது, நிலையங்கள்தான் தனித்தனி. இத்தனை நிமிடத்துக்குள் அடுத்த கேட்டைத் தொட்டால் ஒரே பயணம், தாண்டிவிட்டால் புதுப் பயணம். புதுப் பயணம் என்றால் அடிப்படைக் கட்டணம் முதலிலிருந்து பிடிக்கப்படும்.

அலுவலகத்தில் எல்லோரும் கேட்டது சராசரி நேரத்தை. அது வரம்புக்குள் நன்றாகவே அடங்கியது. மூன்றாம் நாள், சக்கர நாற்காலியில் வந்த ஒருவரிடம் அனுமதி கேட்டுக் கூடவே போனேன். முதல் நிலையத்தின் ஒரே லிஃப்ட் நடைமேடையின் மறுகோடியில். வெளியே வந்து, சாலையைச் சுற்றிக் கடந்து, அடுத்த நிலையத்தில் இன்னொரு லிஃப்டுக்குக் காத்திருந்தோம். அவர் கார்டைத் தொட்டபோது நேரம் முடிந்திருந்தது. திரையில் பிடித்த தொகையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அது அவருக்கு அன்றாட விஷயம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. படியில் ஏற முடிந்தவரிடம் ஒரு கட்டணமும், முடியாதவரிடம் இரண்டும் வாங்கிக்கொண்டிருந்தோம். அப்படியொரு விதியை யாரும் எழுதவில்லை. நிமிடக் கணக்கு தானாகவே அதைச் செய்துகொண்டிருந்தது. என் அறிக்கையில் சராசரியைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, லிஃப்ட் வழியாகப் போகிறவரின் நேரத்தை முதல் வரியில் எழுதினேன். வரம்பை நீட்டினார்கள். அதற்கே ஐந்து மாதம் ஆனது.

ஒரே கார்டு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஹாங்காங்கில் ஆக்டோபஸ் கார்டு 1997-லேயே வந்துவிட்டது. இரண்டு ரயில் நிறுவனங்களின் பாதைகளிலும் அது செல்லும். ஆனாலும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் இரண்டாவது முறை ஏறுவதற்கான கட்டணம் இருந்தது. 2007-ல் இரண்டின் ரயில் சேவையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தபோதுதான் அது ஒழிந்தது. அதற்காக நிறுவனங்களை இணைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஹாம்பர்க்கில் 1965-லேயே தனித்தனி நிறுவனங்கள் தனியாகவே இருந்துகொண்டு, பொதுக் கட்டணத்துக்காக ஒரு கூட்டமைப்பை உண்டாக்கின. வசூல் பொது, பங்கீடு அப்புறம்.

அந்தப் பங்கீட்டில்தான் எங்கள் ஆண்டுகள் கரைந்தன. சாலையைக் கடக்காமல் போக, இரு நிலையங்களுக்கும் நடுவே ஒரு நடைபாலம் கட்டி, இடையிலுள்ள கேட்டுகளை எடுத்துவிடலாம் என்று திட்டம். பொறியாளர்களுக்கு அது பெரிய விஷயமே இல்லை. எங்கள் மூத்த கணக்கு அதிகாரிதான் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கேட்டை எடுத்துவிட்டால், பயணி எந்த வழியாகப் போனார் என்று எனக்கு எப்படித் தெரியும்?" நியாயமான கேள்வி. கேட் இருக்கும்வரை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தன் பயணி யார் என்று தெரியும். எடுத்தபின் நுழைந்த இடமும் வெளியேறிய இடமும் மட்டும்தான் பதிவாகும். நடுவில் இரண்டு மூன்று வழிகள் இருந்தால் பணம் யாருக்கு?

லண்டனில் இதற்குச் சில மாறும் நிலையங்களில் பிங்க் நிறத்தில் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். மையப் பகுதிக்குள் போகாமல் சுற்றிப் போகிறவர் அதில் கார்டைத் தொட்டால் அந்த வழிக்குரிய குறைந்த கட்டணம் விழும். நாங்கள் பயணியிடம் இன்னொரு வேலையைச் சுமத்த விரும்பவில்லை. ஒவ்வொரு வழிக்கும் பயண நேரம், காத்திருப்பு, நடை என்று பிரித்து மதிப்பிட்டோம். ரயிலுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிடத்தைவிட, நடக்கிற அல்லது காத்திருக்கிற ஒரு நிமிடம் பயணிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம் என்றுதான் இந்தத் துறையில் பொதுவாகக் கணக்குப் போடுவார்கள். அதன்படி பயணிகளில் எத்தனை பங்கு பேர் எந்த வழியில் போவார்கள் என்று ஒவ்வொரு வழிக்கும் ஒரு விகிதம் கிடைத்தது. இரு தரப்பும் அதை நம்பவில்லை. சரி, பயணிகளிடமே கேட்டுச் சரிபார்ப்போம் என்று முடிவானது.

அந்த நாட்களில் டோக்கியோவின் குடான்ஷிதா நிலையம் அடிக்கடி நினைவுக்கு வரும். இரண்டு நிறுவனங்களின் ரயில்கள் ஒரே நடைமேடையின் இரு பக்கமும் நின்றன, நடுவில் ஒரு சுவர். எதிர்ப்பக்க ரயிலைப் பிடிக்க, படியேறி, கேட் தாண்டி, மறுபடி இறங்க வேண்டும். 2013-ல் அந்தச் சுவரை இடித்தார்கள். அதன் படத்தை என் மேசையில் ஒட்டி வைத்திருந்தேன்.

எங்கள் கேட்டுகளும் ஒருவழியாகப் போயின. பங்கீட்டுக்காக இப்போதும் ஆண்டுக்கு ஒரு வாரம் நடைமேடைகளில் நின்று கேட்கிறோம்: எந்த வழியாக வந்தீர்கள், ஏன்? சீக்கிரம் போகும், குறைவாக நடக்கலாம், மாற வேண்டியதில்லை என்று மூன்று கட்டங்கள் படிவத்தில் இருந்தன. முதல் ஆண்டில், கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், எதில் உட்கார இடம் இருக்குமோ அதில் ஏறுவதாகச் சொன்னார். அதற்குக் கட்டமே இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டேன். அடுத்த ஆண்டின் படிவத்தில் அது நான்காவது கட்டம்.