பழைய கையெழுத்து

அந்த ஊழியர்மீது நான் எழுதிக் கொடுத்த அறிக்கை சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால், அதை எழுதுவதற்கு முன் அவருக்குச் சொன்ன பதில் மனதை விட்டு அகல மறுக்கிறது.

ஞானஸ்நானம் பெற்றுச் சில வாரங்களே ஆகியிருந்த நிலையில், யாரும் கேட்காமல் அவராகவே என்னிடம் வந்தார். கையில் இருந்த நோட்டில் தேதி, வாங்கிய தொகை, உண்மையில் ஆன செலவு என்று கோடு போட்டு எழுதியிருந்தார். அவர் முன்பு கொடுத்து, தணிக்கையின் கண்ணில் படாமல் போன பொய்யான பயணப்படி ரசீதுகளின் பட்டியல் அது. "அதை எழுதின அந்தப் பழைய ஆள் இப்போ எனக்குள்ள இல்லை சார். ஆனா அவன் எடுத்த பணத்தை நான் கட்டணும், சம்பளத்துல பிடிச்சுக்குங்க" என்றார். "ஆள் இல்லைன்னாலும் அவன் போட்ட கையெழுத்து அப்படியேதானே இருக்கு?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "நீங்களும் விசுவாசிங்கிறதாலதான் சார் முதல்ல உங்ககிட்ட வந்தேன்" என்றார்.

முறைகேடு தெரிந்தும் மேலிடத்துக்குத் தெரிவிக்காமல் இருக்க எனக்கு அதிகாரம் இல்லை. மறைத்திருந்தால் அவருடைய மனந்திரும்புதலையே மீண்டும் ஒரு பொய்க்குள் இழுத்துவிட்டிருப்பேன். இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரி வசூலிப்பவனான சகேயுவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பக் கொடுக்கிறேன் என்றுதான் சொன்னான். இயேசு அவனைத் தடுக்கவில்லை. "பழையவைகள் ஒழிந்துபோயின" என்று கிறிஸ்துவுக்குள் வந்தவனைப் பற்றி அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்தியருக்கு எழுதியது கடனைத் தள்ளுபடி செய்யும் வாக்கியம் அல்ல.

இப்படி என்னைத் தேற்றிக்கொள்ளும்போதெல்லாம் பழைய ஏற்பாட்டில் எண்ணாகமத்தின் 5-ஆம் அதிகாரம் குறுக்கே வருகிறது. குற்றத்தைத் தானே அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுத்தால் போதும் என்கிறது அது. ஆட்டைத் திருடி விற்றவனுக்கோ யாத்திராகமம் 22-இல் நான்கு மடங்கு. அகப்பட்டவனையும் தானாக வந்து நின்றவனையும் மோசேயின் சட்டமே வேறாகப் பார்த்திருக்கிறது. எங்கள் அலுவலக நடத்தை விதியில் அந்த வேறுபாடு இல்லை. பணத்தை வசூலித்துக்கொண்டு அவரை வேலையிலிருந்தும் நீக்கினார்கள்.

இதைவிட அதிகமாக உறுத்துவது பிலேமோனுக்குப் பவுல் எழுதிய சிறிய நிருபம். அடிமையான ஒநேசிமுவை அவனுடைய எஜமானாகிய பிலேமோனிடம் திருப்பி அனுப்புகிறார், ஒன்றையும் மறைக்கவில்லை. ஆனால் அவன் கடன்பட்டது ஏதும் இருந்தால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று சொந்தக் கையால் எழுதுகிறார். இனி அவன் அடிமைக்கு மேலான பிரியமுள்ள சகோதரன் என்கிறார். நானும் அனுப்பினேன், ஆனால் சகோதரனுக்காகப் பேசும் ஒரு வரிகூட என் அறிக்கையில் இல்லை. விசுவாசி என்பதால் சலுகை காட்டினேன் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்ற எண்ணம் அன்று எனக்குள் இருந்தது. அது நேர்மையா, பயமா என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலவில்லை. கிறிஸ்துவுக்குள் தான் வேறொருவன் என்பதை அவர் வேலையையே பணயம் வைத்து நம்பினார். பல ஆண்டுகளாக அதே விசுவாசத்தை அறிக்கையிடும் நான், அந்த நாற்காலியில் அதிகாரியாக மட்டுமே பேசினேன். அதிகாரியாகப் பேசியதுதான் முறை என்றும் தோன்றுகிறது.

பின்பு அனுபவச் சான்றிதழ் கேட்டு வந்தவர், விலக்கப்பட்ட காரணத்தை மறைக்காமல் எழுதும்படி சொன்னார். எழுதினேன். யாரும் கண்டுபிடிக்காத நிலையில் தாமாகவே ஒப்புக்கொண்டு முழுத் தொகையையும் திருப்பிச் செலுத்தினார் என்பதையும், இம்முறை யாரிடமும் கேட்காமல், கீழே சேர்த்துக் கையெழுத்திட்டேன்.