விடுதி மணியும் வீட்டுப் பிள்ளைகளும்

நம் விடுதியில் காலை ஐந்தரைக்கு முதல் மணி. பத்து நிமிடத்தில் இரண்டாவது. அதற்குள் பாயைச் சுற்றி, முகம் கழுவி, பாட்டுப் புத்தகத்தோடு மண்டபத்தில் நிற்க வேண்டும். 1824இல் யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கியவர்கள். படிப்பையும் ஜெபத்தையும் வீட்டுவேலையையும் ஒரே நாளுக்குள் அடுக்கும் அந்த வழக்கம் நம் காலம்வரை வந்தது. அலுமாரிக்கு மேலே பிரம்பும் இருந்ததுதான். கனடாவுக்கு வந்து பிள்ளை வளர்க்கத் தொடங்கிய எங்களில் பலருக்கு அந்தப் பிரம்பு ஞாபகம் இருக்கிறது, மணி மறந்துவிட்டது.

விடுதியைப் பார்த்துக்கொண்ட மேற்றன்மார் சின்னப் பிள்ளைகளைக் குசினியில் நின்று கூப்பிட்டதில்லை. கிட்டப் போய், குனிந்து, கையைப் பிடித்து, ஒரேயொரு வேலையைச் சொல்வார்கள்: "செருப்பை எடுத்து வை." அது முடிந்த பிறகுதான் அடுத்தது. ஐந்து வயதுவரை வீட்டிலும் இதுதான் வழி. "மூன்று எண்ணுவேன்" என்றால் பிள்ளை மூன்றுவரை காத்திருக்கப் பழகும். ஒருமுறை சொல்லுங்கள், கேட்காவிட்டால் உடனே எழுந்து போய்ச் செய்ய வையுங்கள். தனியே இருத்துவதென்றால் வயதுக்கு ஒரு நிமிடம். மூன்று வயதுக்கு மூன்று நிமிடம் போதும். குடும்ப ஜெபமும் அப்படியே: ஒரு பாட்டு, ஒரு வசனம், ஆமென். இருபது நிமிடம் இருத்திவைத்துவிட்டு நெளிகிறான் என்று அடிப்பது யாருடைய பிழை? "இயேசப்பா அடிப்பார்" என்ற வெருட்டலை அம்மம்மாமாரும் விட வேண்டும். அதைக் கேட்டு வளரும் பிள்ளை, பிழை செய்த அன்றைக்கு ஜெபத்துக்குப் பயப்படும்.

ஆறு முதல் பதினொன்றுவரைதான் நிறைய வேலை செய்யக்கூடிய காலம். விடுதியில் கோப்பையை உடைத்தவர் அந்த வாரம் கோப்பை கழுவுவார். வேதாகமத்தில் ஆயக்காரன் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான் அல்லவா, பிள்ளைக்கும் ஈடுசெய்ய வழி வேண்டும். தம்பியின் பென்சிலை முறித்தால் தன் கைச்செலவுக் காசில் புதிது வாங்கட்டும். வாரம் ஐந்து டொலர் கொடுத்தால் ஐம்பது சதம் காணிக்கைக்கு என்று முதலிலேயே பிரித்து வைக்கப் பழக்குங்கள். யார் செய்தது என்று தெரிந்துகொண்டே "யார் செய்தது?" என்று கேட்காதீர்கள், பயத்தில் பொய் வரும், பிறகு ஒன்றுக்கு இரண்டு குற்றம். "பால் ஊத்துண்டிருக்கு, துணியை எடுத்து வா" என்றால் காரியம் முடிந்தது. தண்டனையாக வசனத்தை ஐம்பது தரம் எழுதவைப்பது நம் பள்ளிக்கூடங்களின் பழைய பழக்கம். கொப்பி நிறையும், வசனம் கசக்கும்.

அடியைப் பற்றி: பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான் என்ற நீதிமொழிகள் 13:24ஐ மனப்பாடமாகச் சொல்பவர்கள் எபேசியர் 6:4க்கு வருவதில்லை. பிள்ளைகளைக் கோபப்படுத்த வேண்டாம் என்று அது தகப்பன்மாரைப் பார்த்தே சொல்கிறது. சட்டமும் இருக்கிறது. கனடா உச்ச நீதிமன்றம் 2004இல் பெற்றோருக்கு விட்டுவைத்த இடம் மிகச் சிறியது: இரண்டு வயதுக்குக் கீழும் பதின்ம வயதிலும் கைவைக்கக் கூடாது, பிரம்பு, பெல்ற் போன்ற எந்தப் பொருளாலும் அடிக்கக் கூடாது, தலையில் அடிக்கக் கூடாது. சுவீடன் 1979இலும், ஸ்கொட்லாந்து 2020இலும், வேல்ஸ் 2022இலும் அடியை முற்றாகத் தடுத்துவிட்டன. அடிக்கிற கை பெரும்பாலும் களைத்த கை என்பது என் எண்ணம். வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றாமலே விசாரணை தொடங்கினால் அது சிட்சையாக இராது.

பன்னிரண்டுக்குப் பிறகு சட்டங்கள் குறையவேண்டும், தெளிவாகவும் இருக்கவேண்டும். ஐந்தாறு போதும், பிள்ளையோடு இருந்து பேசி, எழுதி, குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டுங்கள். இரவு ஒன்பதரைக்கு எல்லாருடைய போனும் கூடத்தில் சார்ஜில், அப்பாவுடையதும்தான். பிந்தி வந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை வெளியே போவது இல்லை. ஆலயத்து வாலிபர் ஐக்கியத்தை மட்டும் தண்டனையாக வெட்டாதீர்கள். வீட்டில் சொல்லாததை அங்கே சொல்லுவார்கள். கண்டிப்பதென்றால் மத்தேயு 18:15 சொல்கிறபடி தனியாக. மாமி மாமா முன்னால் பேசிய ஒரு சொல்லை பதினைந்து வயது வருடக்கணக்கில் வைத்திருக்கும்.

பல்கலைக்கழகத்துக்குப் போக முந்தின வருடம் அலாரம், உடுப்புத் தோய்த்தல், வங்கி அட்டை, ஆலயம் போவது எல்லாவற்றையும் பிள்ளையிடமே விடுங்கள். ஞாயிறு காலை எழுப்பாதீர்கள். முதல் மாதம் இரண்டு மூன்று ஆராதனை தவறும். அது வீட்டில் இருக்கும்போதே தவறினால், மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்கையில் ஏன் என்று கேட்கலாம்.