சோஷியல் வொர்க் லைசென்ஸோடு கலிஃபோர்னியாவுக்குக் குடிபோகிறவர்களுக்கு

அமெரிக்காவில் ‘லைசென்ஸை மாற்றுவது’ என்று பேச்சுவாக்கில் சொல்கிறோமே தவிர, எதுவும் மாறுவதில்லை. பழைய மாநிலத்து லைசென்ஸ் அங்கேயே இருக்கும். போகிற மாநிலத்தில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். புதியது கைக்கு வரும்வரை பழையதைக் காலாவதியாக விடவே விடாதீர்கள்.

முதலில் உங்கள் லைசென்ஸ் எந்த நிலை என்று பாருங்கள். ஓஹையோவில் எல்.எஸ்.டபிள்யூ. (லைசென்ஸ்டு சோஷியல் வொர்க்கர்) என்றால் இளநிலைப் பட்டம். பென்சில்வேனியாவில் அதே மூன்றெழுத்து முதுநிலை. பெயரை நம்பி விண்ணப்பித்தால் கட்டணம்தான் போகும்.

கலிஃபோர்னியாவில் எல்.சி.எஸ்.டபிள்யூ. (தனித்துச் சிகிச்சை தரும் கிளினிக்கல் சோஷியல் வொர்க்கர் லைசென்ஸ்) கேட்பவருக்கு 2 வருடக் கணக்கு முக்கியம். தனித்துப் பணிசெய்யும் நிலையில், தடையேதும் இல்லாத லைசென்ஸ் விண்ணப்பத்துக்கு முன் தொடர்ந்து 2 வருடமாவது நடப்பில் இருந்தால் பாதை சுலபம். அப்போதும் மாநிலச் சட்டமும் தொழில் நெறியும் 12 மணி நேரம், கலிஃபோர்னியப் பண்பாடுகள் 15, குழந்தைகள் மீதான வன்கொடுமை 7, தற்கொலை அபாயம் 6 என்று வகுப்புகள் முடிக்க வேண்டும். சட்ட, நெறித் தேர்வு தனி. ஏ.எஸ்.டபிள்யூ.பி. (சோஷியல் வொர்க் தேர்வுகளை நடத்தும் அமைப்பு) கிளினிக்கல் தேர்வில் தேறியிருந்தால் அந்த மதிப்பெண்ணை அவர்களே நேராக, லைசென்ஸ் தரும் கலிஃபோர்னிய போர்டுக்கு அனுப்பும்படி கேளுங்கள். நீங்கள் எடுத்து அனுப்பும் நகல் செல்லாது.

2 வருடம் ஆகாதவர்களுக்குத்தான் சோதனை. மேற்பார்வையில் வேலை பார்த்த மணிக்கணக்கைக் காட்ட வேண்டிவரும். சூப்பர்வைசர் ஓய்வுபெற்றுவிட்டாலோ நிறுவனம் மூடிவிட்டாலோ அந்தக் கையெழுத்துக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டும். ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே, வேலை பார்த்த ஒவ்வொரு இடத்திலும், தேதியும் மணிக்கணக்கும் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கைரேகையும் இழுத்தடிக்கும். லைவ் ஸ்கேன் (மின்னணுக் கைரேகைப் பதிவு) கலிஃபோர்னியாவுக்குள்தான். வெளியே இருந்தால் மைதொட்டு அட்டையில் உருட்டி அனுப்ப வேண்டும். விரல் வறண்டிருந்தால் கோடுகள் தெளிவாக விழாது, அட்டை திரும்பி வரும். சில நாட்கள் முன்பிருந்தே கைக்கு லோஷன் தடவி வாருங்கள்.

நம்மவர்களுக்கு இன்னொன்று: சான்றிதழில் இனிஷியல், தேர்வுப் பதிவில் அப்பா பெயர் முழுசாக என்று இருந்தால் பெயர் பொருந்தாமல் கோப்பு நின்றுவிடும். விண்ணப்பத்தோடேயே பெயர் விளக்கத்தையும் வையுங்கள்.

ஒரே லைசென்ஸில் பல மாநிலங்களில் பணிசெய்ய வழிவிடும், மாநிலங்களுக்கிடையேயான சோஷியல் வொர்க் ஒப்பந்தம் 7 மாநிலங்கள் சேர்ந்ததும் 2024இல் நடப்புக்கு வந்தது. ஆனால் அது உறுப்பு மாநிலங்களுக்குள் மட்டும்தான்.

வீடியோவில் பழைய க்ளையன்டைத் தொடர்ந்து பார்க்க நினைப்பவர்கள் கவனிக்க: அந்த நேரத்தில் க்ளையன்ட் எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ, அந்த மாநிலத்து லைசென்ஸ் வேண்டும்.