வாசிக்கும் அன்றே சுருதி சேர்க்க வேண்டும்

நியூயார்க்கில் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது என் தொழில். வீடுகள், பள்ளிகள், தேவாலயங்கள், அப்புறம் ஜாஸ் கிளப்புகள். கிளப் வேலை மத்தியானம் மூன்று, நான்கு மணிக்கு இருக்கும். உள்ளே ஆள் இருக்காது, முந்தின ராத்திரியின் பீர் வாடை மட்டும் இருக்கும், ஐஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் அதைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். 88 கட்டைகளுக்குக் கிட்டத்தட்ட 230 கம்பிகள். மேல் சுரங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் மூன்று கம்பி, மூன்றும் ஒரே குரலாக நிற்க வேண்டும், ஐஸ் மெஷின் இரைச்சலில் எது விலகியிருக்கிறது என்று காதில் விழவே விழாது. நான் முடிப்பதற்குள் வாசிக்கிறவர் வந்துவிட்டால் பேச்சு தொடங்கிவிடும். எனக்கு ஜாஸ் பற்றித் தெரிந்ததில் பாதிக்கு மேல் அப்படிக் கேட்டதுதான்.

அதில் ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கறுப்பர், நியூயார்க்கில் கறுப்பர்கள் நிறைந்த ஹார்லெமில் பிறந்து வளர்ந்த பியானோக்காரர், எண்பதைத் தாண்டிவிட்டார். அவர் வாசிக்கும் நாளில் எனக்கு நிச்சயமாக வேலை உண்டு, காரணம் அவருடைய ஒப்பந்தத்தில் உள்ள ஒரு வரி: வாசிக்கும் அன்றே பியானோவுக்குச் சுருதி சேர்க்க வேண்டும், அந்தக் கூலியைக் கிளப்தான் தர வேண்டும், குழுவின் பணத்திலிருந்து பிடிக்கக் கூடாது. நேற்றுதானே செய்தோம் என்று மேனேஜர் முணுமுணுத்தால் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்பாரே தவிர வாத்தியத்தின் பக்கம் போக மாட்டார். இளம் வயதில் ஊர் ஊராக வாசிக்கப் போன இடங்களில் கட்டை விழுந்த பியானோக்களைத்தான் அவருக்குத் தருவார்களாம். எந்தச் சுரம் செத்திருக்கிறது என்று முதலில் தேடிப் பார்த்துவிட்டு, அதைத் தொடாமல் தப்பிக்கிற மாதிரி பாட்டின் ஸ்கேலையே மாற்றுவாராம். கேட்கிறவர்கள் அதைப் புதுமை என்று பாராட்டினார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்.

இவரைப் பேட்டி எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். இந்த இசையில் இருக்கும் வலி, ஆன்மா, அடிமைக் காலத்தின் நினைவு. அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, போலீஸ் அட்டையைப் பற்றிப் பேசத் தொடங்குவார். 1940லிருந்து 1967 வரை நியூயார்க்கில் மது விற்கும் இடத்தில் வாசிக்க வேண்டுமானால் போலீஸ் தரும் காபரே அட்டை வேண்டும். விரல் ரேகை கொடுத்து, படம் கொடுத்து வாங்க வேண்டும், சில வருஷங்களுக்கு ஒரு முறை புதுப்பிக்கவும் வேண்டும். ஒரு வழக்கில் பெயர் அடிபட்டால் போதும், பறித்துவிடுவார்கள். பாடகி பில்லி ஹாலிடேயிடம் 1947இல் பறித்தார்கள். தெலோனியஸ் மங்க்கிடம் 1951இல் பறித்தது 1957இல்தான் திரும்பக் கிடைத்தது. ஒரு பியானோக்காரர் தன் முப்பதுகளின் நடுவில் சொந்த ஊர் கிளப்புகளிலேயே வாசிக்க முடியாமல் ஆறு வருஷம் இருந்திருக்கிறார். நம் பெரியவர் ரேகை கொடுத்த அன்று ராத்திரியே வாசிக்கப் போனாராம். நகக்கண்ணில் மை போகவில்லை, வெள்ளைக் கட்டைகளில் ஒட்டிவிடுமோ என்று கறுப்புக் கட்டைகள் அதிகம் வரும் ஸ்கேலாகப் பார்த்து வாசித்தேன் என்றார். நிஜமா, கதையா என்று நான் கேட்கவில்லை.

அதே நகரத்தில் இன்னொரு விதியும் இருந்தது. உரிமம் இல்லாத சின்ன இடங்களில் பியானோவும் கிட்டார், வயலின் போன்ற கம்பி வாத்தியங்களும் வைத்துக்கொள்ளலாம், அதுவும் மூன்று பேர் வரைதான். டிரம்ஸ் கூடாது, சாக்ஸபோன் கூடாது. 1980களின் கடைசியில்தான் நீதிமன்றம் அதைத் தள்ளியது. பியானோவும் பாஸும் மட்டும் கொண்ட அந்த மெல்லிய இசையை நாம் நளினம் என்று ரசிக்கிறோம். பெரியவரைக் கேட்டால், எனக்கு வேலை கிடைத்தது, என் டிரம்ஸ் நண்பனுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் என்பார்.

அவருடைய இடது கையைப் பற்றி எனக்குத் தொழில்முறையில் ஒரு கருத்து உண்டு. அவர் ஒரு வாரம் வாசித்த பியானோவில் கீழ்க்கம்பிகள்தான் முதலில் இறங்கியிருக்கும். தாழ்ந்த சுரம் ஒன்று, உடனே நடுவில் பல சுரங்கள் சேர்ந்த ஒரு கார்டு, மறுபடி கீழே, மறுபடி மேலே என்று கை தாவிக்கொண்டே இருக்கும். ஸ்ட்ரைட் என்கிற இந்தப் பாணி 1920களின் ஹார்லெமில் வளர்ந்தது. கறுப்பர்களிடம் அங்கே வீட்டு வாடகையை அநியாயத்துக்கு வாங்கினார்கள், அதைக் கட்ட முடியாதவர்கள் வீட்டிலேயே ராத்திரி விருந்து வைத்து, வாசலில் சில்லறை வசூலித்து, ஒரு பியானோக்காரரை உட்கார வைத்தார்கள். முழுக் குழுவுக்கு ஏது காசு? ஆட வந்தவர்களுக்கு டிரம்ஸும் பாஸும் அந்த ஒற்றை இடது கைதான். இதைக் கேட்ட பிறகு அந்தத் துள்ளலை வெறும் உற்சாகம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடிவதில்லை, ஆனால் உற்சாகம் இல்லை என்றும் சொல்ல முடியாது. அங்கேதான் அவரோடு எனக்குக் கொஞ்சம் ஒத்துப்போகாது. கூலிக் கணக்கிலேயே எல்லாவற்றையும் அடக்கப் பார்க்கிறார். கணக்குக்குள் அடங்காத ஒன்று அவர் கையிலேயே இருக்கிறது.

தன் அடையாளத்தைப் பற்றி அவர் நேராகப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. புரூக்ளினின் பியானோக்காரர் ராண்டி வெஸ்டனைப் பற்றிப் பெரிய மரியாதை உண்டு. நீ அமெரிக்காவில் பிறந்த ஆப்பிரிக்கன் என்று அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை அவர். அப்பாவின் உணவகத்தைப் பார்த்துக்கொண்டார், 1960இல் ஆப்பிரிக்க விடுதலையைப் பற்றி ஒரு பெரிய இசைத்தொகுப்பு செய்தார், தென்னாப்பிரிக்க அரசு அதைத் தடை செய்தது. பிறகு மொராக்கோவுக்கே போய்ச் சில வருஷம் வாழ்ந்து டாஞ்சியரில் கிளப் நடத்தினார். நம் பெரியவர் எங்கும் போகவில்லை. அவருக்குப் பிடித்த முன்னோடி ஹேசல் ஸ்காட் என்ற பியானோக் கலைஞர். டிரினிடாடில் பிறந்து ஹார்லெமில் வளர்ந்தவர், வெள்ளையரையும் கறுப்பரையும் தனித்தனியாக உட்கார வைத்தால் வாசிக்க மாட்டேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார், சினிமாவில் வேலைக்காரி வேஷம் முடியாது என்றார். 1950இல் சொந்தமாகத் தொலைக்காட்சி நிகழ்ச்சி கிடைத்தது, அதே வருஷம் கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகப்பட்டவர்களை விசாரித்த நாடாளுமன்றக் குழுவின் முன்னால் போய்ப் பேசியதும் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். ஒப்பந்தத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பதை அந்த அம்மாளிடம் கற்றேன் என்பார்.

இசைக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள் அவரைப் பார்க்க வருவார்கள். பல நிறம், பல நாடு. கட்டணமோ கண்ணைக் கட்டும். வாடகைக்காக வாசித்த கையை, வாடகையைவிட அதிகம் கொடுத்துப் படிக்கிறார்கள். ஒரு பையன் தயங்கித் தயங்கி, கறுப்பர் அல்லாத நான் இதை வாசிப்பது தப்பா என்று கேட்டான். நான் நடு 'ஏ' சுரத்தின் பக்கத்துக் கம்பிகள் ஒலிக்காதபடி ஃபெல்ட் துணி செருகிக்கொண்டிருந்தேன், காது மட்டும் அங்கே. தாராளமாக வாசி என்றார். அப்புறம், ஜேம்ஸ் பி. ஜான்சன் எங்கே புதைக்கப்பட்டிருக்கிறார் தெரியுமா என்று கேட்டார். பையனுக்குத் தெரியவில்லை. உலகமே ஆடிய சார்ல்ஸ்டன் பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் ஜான்சன். புகழ்பெற்ற ஜாஸ் குழுத் தலைவர் டியூக் எலிங்டன் இவருடைய துளைத்தாள் சுருளைத் தானியங்கிப் பியானோவில் மெதுவாக ஓடவிட்டுத்தான் கற்றார். 1955இல் இறந்தவரின் கல்லறைக்கு 2009 வரை பெயர்க்கல் இல்லை. இதே நகரத்தின் குயின்ஸ் பகுதியில் இருக்கிறது, ரயிலில் போகலாம், போய்ப் பார்த்துவிட்டு வந்து கேள் என்றார். பையனைப் போகச் சொன்னது தண்டனை மாதிரி எனக்குப் பட்டது. ஆனால் அவன் போய்விட்டு வந்தான், இப்போது அவரிடமே படிக்கிறான்.

மரபு, பாரம்பரியம் என்று மற்றவர்கள் பேசும்போது அவர் பேத்தியைக் காட்டுவார். 1960களில் அவர் எழுதிய சில பாட்டுகளை அவசரத்துக்குக் கிடைத்த காசுக்கு ஒரு பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தக் காலத்துப் படைப்புகளின் உரிமையை 56 ஆண்டுகள் ஆன பிறகு ஆசிரியர் திரும்பப் பெறலாம் என்று அமெரிக்கச் சட்டத்தில் இடமுண்டு, ஆனால் தானாகத் திரும்பாது, குறைந்தது இரண்டு வருஷம் முன்பே முறையாக நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பேத்தி இதையெல்லாம் தேடிப் படித்து, பழைய பெட்டியிலிருந்த தாள்களைத் தேதிவாரியாக அடுக்கி, முதல் பாட்டை மீட்டுவிட்டாள். அதற்கு வந்த முதல் காசோலையைக் கிளப்பில் எடுத்துக் காட்டினார். இரண்டு பேர் மத்தியானம் சாப்பிட்டால் தீர்ந்துவிடும் தொகை. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாமே என்றேன். பேங்கில் போட்டால்தான் அது காசு என்று சொல்லிவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த இரண்டு பாட்டுகளுக்கு நோட்டீஸ் போயிருக்கிறது.